இலவச ஃபயர்வால்: நம்புவதற்கு முன் சோதியுங்கள்

அத்தியாயம் 6

2003 ஆகஸ்ட் மாத நடுவில் ஒரு நாள், எங்கள் ஊர் நெட் சென்டரில் இருந்த ஐந்து கணினிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். 60 வினாடியில் கணினி அணைக்கப்படும் என்று சொல்லும். 59, 58, 57 என்று எண் இறங்கும். மறுபடி போட்டால், இணையத்தில் சேர்ந்த சில நிமிடங்களில் அதே பெட்டி. "யாருப்பா, என்னத்தைத் திறந்தீங்க?" என்று கடைக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் எதையும் திறக்கவில்லை. மின்னஞ்சல் இணைப்பைத் தொடவில்லை, சிடி போடவில்லை. கணினி இணையத்தில் இருந்தது. அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

காரணம் ஒரு கணினிப் புழு. அதன் பெயர் பிளாஸ்டர். ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கியது. விண்டோஸின் 135ஆம் எண் போர்ட் வழியாக, அழைப்பு ஏதும் இல்லாமல் உள்ளே வந்தது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. அதைவிட வருத்தம், விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு ஃபயர்வால் ஏற்கெனவே இருந்தது என்பது. நிறுவியபடியே விட்டால் அது அணைந்த நிலையில்தான் இருக்கும். 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக்தான் அதைத் தானாக இயங்க வைத்தது.

அன்று கற்ற பாடத்தைத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் விரித்துச் சொல்கிறேன். கணினியில் ஃபயர்வால் இருக்கிறது என்பது ஒரு செய்தி. அது தடுக்கிறது என்பது வேறு செய்தி. இரண்டாவதை நீங்களே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

ஃபயர்வால் எதைப் பார்க்கிறது?

கணினிக்கு வரும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு போர்ட் எண்ணைத் தேடி வருகிறது. 0 முதல் 65,535 வரை எண்கள் உண்டு. கோப்புப் பகிர்வுக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 என்று சில எண்கள் வழக்கமானவை. எந்த எண்ணுக்கு, எந்த முகவரியிலிருந்து, எந்தச் செயலிக்கு இணைப்பு வரலாம், எந்தச் செயலியிலிருந்து வெளியே போகலாம் என்பதை விதிகளை வைத்து முடிவு செய்வதே ஃபயர்வாலின் வேலை.

விண்டோஸில் உள்ள ஃபயர்வால் வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்பைத் தடுக்கும்; உள்ளிருந்து வெளியே போவதை அப்படியே அனுமதிக்கும். இதுதான் அதன் இயல்பு நிலை. தனியாக ஒரு இலவச ஃபயர்வாலை ஒருவர் நாடுவதற்கான உண்மையான காரணம் இந்த இரண்டாம் பாதிதான். எந்தச் செயலி எங்கே பேசுகிறது என்று தெரிய வேண்டும், வேண்டாததை நிறுத்த வேண்டும். உங்களுக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தரவிறக்கும் முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: இதை எழுதியவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இலவசமாகத் தருவதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பாதுகாப்பு மென்பொருள் நம் போக்குவரத்து முழுவதையும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவாஸ்ட் நிறுவனத்தின் கதையை நினைவில் வையுங்கள். கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய அதன் பாதுகாப்பு மென்பொருள் திரட்டிய உலாவல் விவரங்கள், ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்கப்பட்டன. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில், அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அறிவித்தது. ஆகவே தனியுரிமைக் கொள்கையில் 'மூன்றாம் தரப்பினர்' என்ற சொல் வரும் பத்தியை மட்டுமாவது படியுங்கள். கட்டணப் பதிப்பு ஒன்றை விற்று, அதன் ஒரு பகுதியை இலவசமாகத் தருபவர்கள் உண்டு. மூல நிரலைத் திறந்து வைத்து, நன்கொடையில் நடத்துபவர்கள் உண்டு. இரண்டுமே புரிந்துகொள்ளக்கூடிய வழிகள். பணம் எப்படி வருகிறது என்று எங்குமே தெரியாத மென்பொருளை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: கூடவே என்ன வருகிறது? காமோடோ நிறுவனம் தன் பாதுகாப்புத் தொகுப்போடு குரோமோடோ என்ற உலாவியையும் நிறுவி வந்தது. ஓர் இணையதளம் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்கக் கூடாது என்ற அடிப்படைத் தடையையே அந்த உலாவி முடக்கிவிடுகிறது என்று 2016 பிப்ரவரியில் கூகுள் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்த பொருளே பாதுகாப்பைக் குறைத்தது. நிறுவும்போது 'கஸ்டம்' வழியைத் தேர்ந்தெடுத்து, ஃபயர்வால் தவிர்த்த எல்லாக் கட்டங்களிலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? 2004 மார்ச்சில் விட்டி என்ற புழு வந்தது. அது பிளாக்ஐஸ் என்ற, காசு கொடுத்து வாங்கும் ஃபயர்வாலில் இருந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்த மறுநாளே தாக்குதல். சுமார் 12,000 கணினிகளில் புகுந்து, வன்தட்டில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. ஃபயர்வால் போட்டிருந்தவர்கள்தான் அதில் மாட்டினார்கள். பராமரிப்பு நின்றுபோன ஃபயர்வால், ஃபயர்வாலே இல்லாததைவிடக் கேடு.

நான்காம் கேள்வி: கணினியின் உள்ளே எவ்வளவு ஆழமாக இறங்குகிறது? சில ஃபயர்வால்கள் சொந்த டிரைவரை விண்டோஸின் கருப்பகுதியில் நிறுவுகின்றன. அதில் பிழை இருந்தால் நீலத்திரைதான். வேறு சில, விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸிலேயே இருக்கும் வடிகட்டி அமைப்பை மட்டும் பயன்படுத்துகின்றன. டைனிவால், சிம்பிள்வால் இரண்டும் இந்த வகை. பழைய வீட்டுக் கணினிக்கு இரண்டாம் வகையே ஏற்றது.

எதுவானாலும் எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்புகள் வேண்டாம்.

சோதனை மாலை

தொடங்கும் முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். அருகில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். ஒவ்வொரு சோதனையையும் ஃபயர்வாலை நிறுவும் முன் ஒரு முறை, நிறுவிய பின் ஒரு முறை செய்து, இரண்டு முடிவையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பீடு இல்லாவிட்டால் சோதனைக்குப் பொருள் இல்லை.

சோதனை 1: யார் காது கொடுத்துக் காத்திருக்கிறார்கள்? ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பகுதிக்குப் போய், கீழே 'லிசனிங் போர்ட்ஸ்' என்ற பட்டியலை விரியுங்கள். செயலியின் பெயர், போர்ட் எண், வலது ஓரத்தில் விண்டோஸ் ஃபயர்வால் அதை அனுமதிக்கிறதா என்ற நிலை ஆகியவை தெரியும். உங்களுக்குத் தெரியாத செயலிக்கு 'அலவுட்' என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதோ நிறுவிய விளையாட்டு, டோரன்ட் செயலி, பிரின்டரோடு வந்த துணை மென்பொருள் ஆகியவை நிறுவும்போதே தமக்கு விதி எழுதிக்கொண்டு போயிருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்பில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலைத் திறந்து, இப்போது பயன்படுத்தாதவற்றை முடக்குங்கள். அழிக்க வேண்டாம், முடக்கினால் போதும். ஏதாவது நின்றுபோனால் திரும்ப இயக்கலாம்.

சோதனை 2: வீட்டுக்குள்ளிருந்து தட்டிப் பாருங்கள். வீட்டில் இன்னொரு மடிக்கணினி இருந்தால் அதில் என்மேப் என்ற இலவசக் கருவியை நிறுவி, சோதிக்கும் கணினியின் முகவரியைக் கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று பதில்களில் ஒன்று வரும். 'ஓப்பன்' என்றால் கதவு திறந்திருக்கிறது. 'குளோஸ்டு' என்றால் மூடியிருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது. 'ஃபில்டர்டு' என்றால் பதிலே இல்லை. ஃபயர்வால் ஒழுங்காக வேலை செய்தால் பெரும்பாலும் இந்த மூன்றாவது பதில்தான் வரும். 135, 139, 445, 3389 ஆகிய நான்கு எண்களைத் தவறாமல் பாருங்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற புழு நுழைந்தது 445 வழியாகத்தான்.

இந்தச் சோதனையை உங்கள் வீட்டு வலையில் மட்டும் செய்யுங்கள். பிறர் வலையில் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி குற்றம்.

சோதனை 3: வெளியிலிருந்து தட்டிப் பாருங்கள். ஸ்டீவ் கிப்சன் நடத்தும் ஷீல்ட்ஸ்அப் என்ற இலவசத் தளம், வெளியிலிருந்து உங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்து முடிவைக் காட்டும். எல்லாம் பச்சையாக வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பாராட்டு யாருக்கு உரியது என்று பாருங்கள். வீட்டு ரவுட்டரே பெரும்பாலான இணைப்புகளை நிறுத்திவிடும். கணினியின் ஃபயர்வால் வரை அவை வருவதே இல்லை. இன்னொன்றும் உண்டு. முகவரிகள் போதாததால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் நீங்கள் அந்த வகை. அப்போது ஷீல்ட்ஸ்அப் சோதித்தது இணைய நிறுவனத்தின் கருவியைத்தான்.

ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் நிலைமை வேறு. அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. முகவரிப் பகிர்வால் தற்செயலாகக் கிடைத்த மறைப்பு அங்கே இல்லை. அங்கே தடுக்க வேண்டியது ரவுட்டரில் உள்ள ஐபிவி6 ஃபயர்வால், அதற்கு அடுத்து கணினியின் ஃபயர்வால். இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள்.

சோதனை 4: பெயர் மாற்றி வெளியே அனுப்பிப் பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் சுவையான சோதனை. 2000ஆம் ஆண்டில் கிப்சன் லீக்டெஸ்ட் என்ற சின்ன நிரலை வெளியிட்டார். அதற்கு அனுமதி பெற்ற வேறொரு செயலியின் பெயரைச் சூட்டினால் போதும். அன்றைய சில ஃபயர்வால்கள் பெயரை மட்டும் பார்த்து வெளியே விட்டுவிட்டன. அதே எண்ணத்தை இன்று நம் கணினியில் இப்படிச் சோதிக்கலாம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கர்ல் என்ற நிரல் கூடவே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் அதன் பெயரையும் ஓர் இணையதள முகவரியையும் தட்டினால், அந்தப் பக்கத்தின் நிரல்வரிகள் திரையில் ஓடும். வெளியே போய் வந்துவிட்டது என்று பொருள். இப்போது விண்டோஸ் ஃபயர்வாலில் 'அவுட்பவுண்ட் ரூல்ஸ்' பகுதியில் புதிய விதி எழுதி, சிஸ்டம்32 அடைவில் உள்ள கர்லைத் தடை செய்யுங்கள். மறுபடி தட்டுங்கள், இணைப்பு கிடைக்காது. அடுத்து அதே கோப்பை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து, வேறு பெயர் வைத்து, அங்கிருந்து ஓட்டுங்கள். வரிகள் மறுபடி ஓடும்!

முதன்முதலில் இதைச் செய்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விதி கட்டிப்போட்டது அந்த இடத்தில் இருந்த கோப்பை, நிரலை இல்லை. 'இவரை விடாதே' என்ற பட்டியலை வைத்து வெளிப்போக்கைக் கட்டுப்படுத்த முடியாது. 'இவர்களை மட்டும் விடு' என்ற பட்டியல் வேண்டும். டைனிவால் அப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் சேர்க்காத எந்தச் செயலியும் வெளியே போகாது. அதை நிறுவிய பின் இதே சோதனையைச் செய்து பாருங்கள். சிஸ்டம்32இல் உள்ள கர்லும் நிற்க வேண்டும், டெஸ்க்டாப்பில் உள்ள நகலும் நிற்க வேண்டும். நீங்கள் எடைபோடும் ஃபயர்வால் இதில் தேறாவிட்டால், வெளிப்போக்கைக் கட்டுப்படுத்துவதாக அதன் விளம்பரம் சொல்வதை நம்பாதீர்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அனுமதி பெற்ற உலாவிக்குள்ளேயே புகுந்துகொள்ளும் தீநிரலை இந்தப் பட்டியல் பிடிக்காது. நிர்வாகி உரிமை கிடைத்த தீநிரல் ஃபயர்வால் விதியையே மாற்றி எழுதும். ஆகவே அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கையே பயன்படுத்துங்கள்.

சோதனை 5: நிறுத்திப் பாருங்கள், நீக்கிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஃபயர்வாலின் செயலியை நிறுத்துங்கள். அதன்பின் சோதனை 4ஐ மறுபடி செய்யுங்கள். தடை நீடித்தால் நல்லது. எல்லாம் சட்டென்று திறந்துகொண்டால் அந்த மென்பொருள் வேண்டாம். பிறகு அதை முழுவதும் நீக்கி, இணையம் பழையபடி வருகிறதா, விண்டோஸ் ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். சிம்பிள்வால் போன்றவற்றில் வடிகட்டிகளை முதலில் முடக்கிவிட்டுப் பிறகுதான் நீக்க வேண்டும். இந்த வரிசையை அறியாமல் 'இணையமே போச்சு' என்று திகைப்பவர்கள் உண்டு.

ஒரு வாரச் சோதனை: கேள்விகளை எண்ணுங்கள்

காரைக்குடியில் இருக்கும் என் சித்தப்பா ஓய்வுபெற்ற தபால் அலுவலர். அவர் கணினியில் நான்தான் ஒருமுறை, ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும் ஃபயர்வால் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பொங்கலுக்குப் போனபோது, "இது எப்படி இருக்கு சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எப்பப் பார்த்தாலும் எதையோ கேட்டுக்கிட்டே இருக்குப்பா. நான் 'அலவ்'னு அமுக்கிடறேன். அமுக்கலேன்னா பேப்பர் வர மாட்டேங்குது."

விதிப் பட்டியலைத் திறந்தேன். எல்லாமே அனுமதி. ஒன்றுகூட மறுப்பு இல்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எஸ்விசிஹோஸ்ட் இந்த முகவரியோடு இணைய விரும்புகிறது, அனுமதிக்கலாமா என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? பதில் தெரியாதவரிடம் கேள்வி கேட்கும் மென்பொருளைக் கொண்டுபோய் வைத்தது என் தவறு. அன்று மாலையே அதை எடுத்துவிட்டு, விண்டோஸ் ஃபயர்வாலைச் சரிசெய்து கொடுத்தேன்.

ஆகவே, நிறுவிய பின் ஒரு வாரம் கணக்கு வையுங்கள். எத்தனை முறை கேட்டது, எத்தனை முறை உங்களால் புரிந்து பதில் சொல்ல முடிந்தது என்று இரண்டு பத்திகளில் கோடு போடுங்கள். இரண்டாம் பத்தி முதலாவதில் பாதிகூட இல்லையென்றால், அது நல்ல மென்பொருளாகவே இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு உரியது இல்லை. டைனிவால் இந்தத் தொல்லையைத் தவிர்க்கக் கேள்விப் பெட்டியே காட்டுவதில்லை. ஒரு செயலி வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் நீங்களாக அதைச் சுட்டிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அமைதி பிடித்தவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் 'வீடியோ கால் ஏன் வரவில்லை' என்று தேடிக் கண்டுபிடிக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஃபயர்வால் செய்யாத வேலை

நீங்களே கதவைத் திறந்து அழைத்துவருபவரை ஃபயர்வால் தடுக்காது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர், கணினியைச் சரிசெய்வதாகச் சொல்லித் தொலைநிலைச் செயலியை நிறுவச் சொல்பவர், போலி ரசீதை மின்னஞ்சலில் அனுப்புபவர் எல்லாரும் உங்கள் அனுமதியோடு வருகிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

விண்டோஸ் புதுப்பிப்புக்கும் ஃபயர்வால் மாற்றில்லை. வான்னாகிரை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, திருத்தம் வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. திருத்தம் வராத கணினியை எந்த ஃபயர்வாலும் நெடுநாள் காக்காது.

லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் உள்ளேயே இருக்கிறது, நீங்கள்தான் இயக்க வேண்டும். மேக்கிலும் அமைப்புகளுக்குள் போய் இயங்குகிறதா என்று பாருங்கள். வெளிப்போக்கைக் கட்டுப்படுத்த லூலு என்ற இலவச மென்பொருள் உண்டு.

முடிவு

பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸில் உள்ள ஃபயர்வாலே போதும். மூன்று வேலைகளை மட்டும் செய்துவிடுங்கள்:

1. வலையமைப்பு வகையை 'பப்ளிக்' என்று வையுங்கள். பிரின்டரையோ கோப்புகளையோ வீட்டுக்குள் பகிர வேண்டுமென்றால் மட்டும் 'ப்ரைவேட்'.
2. தேவையற்ற இன்பவுண்ட் விதிகளை முடக்குங்கள்.
3. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றி, வெளியிலிருந்து அதை நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள்.

எந்தச் செயலி வெளியே பேசுகிறது என்பதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அதற்காக ஒரு வாரம் பொறுமையாக உட்கார முடியும் என்பவர்களுக்கு டைனிவாலைப் பரிந்துரைக்கிறேன். ஃபயர்வாலோடு உலாவி, விபிஎன், கணினி வேகமூட்டி என்று மூட்டையாகத் தருபவற்றை வேண்டாம் என்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தனி ஃபயர்வால்களைப் போடாதீர்கள். தடுத்தது எது என்று தெரியாமல் இரண்டையும் அணைக்கும் நிலை வரும்.

என் பரிந்துரையையும் அப்படியே ஏற்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்து சோதனைகளையும் இந்த வார இறுதியில் உங்கள் கணினியில் செய்யுங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி செய்து, இரண்டு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். உங்கள் கணினியைப் பற்றி உங்கள் கையெழுத்தில் இருக்கும் அந்த இரண்டு பக்கங்களை எந்த விளம்பரத்தைவிடவும் தாராளமாக நம்பலாம்.